கார்த்திகை விளக்கீடு

கார்த்திகை விளக்கீடு என்பது தமிழர் கார்த்திகை மாதத்தில் கொண்டாடும் தீ விழா ஆகும். திருக்கார்த்திகை, கார்த்திகைத் தீபம், பெரிய கார்த்திகை, தீபத் திருநாள் என்ற பெயர்களாலும் இது வழங்கப்படுகிறது. கார்த்திகை மாதத்து முழுநிலவு கார்த்திகை விண்மீனை அடுத்து நிற்கும் நாளில் இவ்விழா நிகழ்கிறது. வீடுகளில் அகல் விளக்கு வரிசை, கோயில் வாசலில் சொக்கப்பனை, மலையுச்சியில் பெருந்தீபம், சிறுவர் கையில் மாவலி எனத் தீயானது நான்கு வடிவங்களில் இவ்விழாவில் இடம்பெறுகிறது. தமிழ் இலக்கியத்தில் பெயரும் நாளும் குறித்துச் சொல்லப்பட்டு, இன்றுவரை இடையறாமல் கொண்டாடப்பட்டு வரும் விழாக்களில் இது மிகப் பழமையான ஒன்று.

பருவமும் காலமும்

தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். ஆவணி, புரட்டாசி ஆகிய இரண்டும் கார்காலம். ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டும் கூதிர்காலம். நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும் கார்த்திகை மாதம் கூதிர்காலத்தின் பின்பாதி. பிற நாடுகளில் இலையுதிர்காலம் முடியும் இந்த நாட்களில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்து கொண்டிருக்கும். பகல் குறுகி இரவு நீண்டு வரும். உழவும் விதைப்பும் நடவும் பெரும்பாலும் முடிந்து, பயிர் வளரும் வரை உழவருக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும்.

இருள் மிகுந்து, குளிர் தொடங்கி, வேலை குறைந்திருக்கும் காலத்தில் தீயை மூட்டிக் கூடி மகிழ்வது உலகின் பல இனத்தாரிடமும் காணப்படும் வழக்கம். கார்த்திகை விளக்கீடும் அத்தகைய பருவ விழாவே. பின்னாளில் இதனோடு சைவ, வைணவப் புராணக் கதைகள் இணைந்தன.

வானில் கார்த்திகை

விழாவின் பெயருக்கும் நாளுக்கும் காரணமான கார்த்திகை ஒரு விண்மீன் கூட்டம். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் நெருக்கமாகத் தெரிவதால் பழந்தமிழர் இதனை அறுமீன் என்றனர். ஆரல் என்பதும் இதன் பெயர். பூமியிலிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இக்கூட்டத்தில் உண்மையில் பல நூறு விண்மீன்கள் உள்ளன. தொலைநோக்கியில் பார்த்தால் அவற்றுள் பலவற்றைக் காணலாம். கிரேக்கர் இதனை ஏழு சகோதரிகளாகக் கண்டு பிளையடீஸ் என்று பெயரிட்டனர். ஜப்பானியர் சுபாரு என்று அழைக்கின்றனர்.

முழுநிலவு நாளில் சூரியனும் நிலவும் பூமிக்கு எதிரெதிர்த் திசைகளில் இருக்கும். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிக ராசியில் இருப்பதால், முழுநிலவு அதற்கு நேரெதிரே உள்ள இடப ராசியை ஒட்டி நிற்கும். கார்த்திகை விண்மீன் கூட்டம் மேட ராசியின் முடிவிலும் இடப ராசியின் தொடக்கத்திலும் அமைந்துள்ளது. இதனால்தான் இந்த மாதத்து முழுநிலவு கார்த்திகையை அடுத்து அமைகிறது. மாதத்திற்கும் அப்பெயரே வந்தது. சில ஆண்டுகளில் கார்த்திகை விண்மீன் நாளும் முழுநிலவு நாளும் ஒரு நாள் முன்பின்னாக அமையும். அப்போது வெவ்வேறு கோயில்களில் அடுத்தடுத்த நாட்களில் தீபம் ஏற்றப்படும். நாட்காட்டிகளில் குமராலய தீபம், சர்வாலய தீபம், விஷ்ணுவாலய தீபம் எனத் தனித்தனியே குறிக்கப்படுவது இதனால்தான்.

இம்மாதத்தில் கதிரவன் மறையும் வேளையில் கார்த்திகைக் கூட்டம் கீழ்வானில் எழுந்து, இரவு முழுவதும் வானில் இருக்கும். மேகம் விலகிய இரவில் மாணவர்கள் இதனை எளிதாக அடையாளம் காணலாம். ஆனால் விழா நாளன்று அருகில் நிற்கும் முழுநிலவின் ஒளியில் இது மங்கித் தெரியும்.

பழந்தமிழ் இலக்கியத்தில்

சங்கப் பாடல்களில் கார்த்திகை விழா தெளிவாகவே பேசப்படுகிறது. அகநானூற்றின் 141 ஆம் பாடலில் நக்கீரர் இதனை விரிவாகக் காட்டுகிறார். மழை நீங்கிய வானம்; உழவுத் தொழில் ஓய்ந்து கலப்பைகள் உறங்குகின்றன; முயல் கறை கொண்ட நிலவு நிறைந்து அறுமீனைச் சேர்ந்திருக்கிறது; நள்ளிரவில் தெருவெங்கும் விளக்கேற்றி, மாலைகள் தொங்கவிட்டு, பழமையான ஊரார் பலரும் கூடி விழா எடுக்கின்றனர். பொருள் தேடப் பிரிந்து சென்ற கணவன் அவ்விழாவைத் தன்னுடன் கொண்டாட வந்துவிட வேண்டும் என்று தலைவி தோழியிடம் கூறுவதாகப் பாடல் அமைந்துள்ளது. பிரிந்தவர் வீடு திரும்ப வேண்டிய நாளாக இவ்விழா அன்றே கருதப்பட்டது என்பது இதனால் புலனாகிறது. நாள் குறிப்பு, பருவம், விளக்கு வரிசை ஆகிய மூன்றும் இன்றைய வழக்கத்தோடு பொருந்துகின்றன.

விழாவை நேரடியாகக் கூறாமல் உவமையாக எடுத்தாளும் பாடல்களும் உள்ளன. நற்றிணையின் 202 ஆம் பாடலில், பாலை பாடிய பெருங்கடுங்கோ, காட்டில் வரிசையாகப் பூத்த கோங்க மலர்களைக் கார்த்திகை மாதத்து விளக்கு வரிசையோடு ஒப்பிடுகிறார். அம்மாதத்தை அறம் செய்வதற்கு உரிய மாதம் என்றும் அவர் குறிக்கிறார். அகநானூற்றின் 11 ஆம் பாடலில் ஔவையார், இலையுதிர்ந்து செந்நிறமாகப் பூத்து நிற்கும் இலவ மரத்தைப் பெண்கள் கூடி ஏற்றிய விளக்கு வரிசைக்கு ஒப்பிடுகிறார்.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான கார் நாற்பதில், மதுரைக் கண்ணங்கூத்தனார் தோன்றிப் பூக்களுக்குக் கார்த்திகை விளக்கை உவமையாக்குகிறார். தோன்றி என்பது செங்காந்தளைக் குறிக்கும் என்பர். தீக்கொழுந்து போல மேல்நோக்கி வளைந்த சிவந்த இதழ்களை உடைய இம்மலர் இன்றும் கார்த்திகைப்பூ என்றே பல இடங்களில் அழைக்கப்படுகிறது. இது தமிழ்நாட்டின் மாநில மலரும் ஆகும். அப்பாடலில் நாட்டு மக்கள் தலைநாளில் இட்ட விளக்கு என்ற குறிப்பு வருகிறது. தலைநாள் என்றதனால் விழா ஒரு நாளோடு முடியாமல் தொடர்ந்து நடந்தது என்று கொள்ளலாம். களவழி நாற்பதில் பொய்கையார் போர்க்களத்தில் வழிந்தோடும் குருதியின் நிறத்துக்குக் கார்த்திகை விழாவின் விளக்கை உவமை கூறுகிறார். போரைப் பாடிய புலவரும் எடுத்தாளும் அளவுக்கு இவ்விழா எல்லோரும் அறிந்ததாக இருந்தது.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில், அவ்வூரில் மாதந்தோறும் நடந்த விழாக்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. அவற்றுள் கார்த்திகை விளக்கீடும் ஒன்று. அந்நாளைப் பழமையானது என்ற அடைமொழியுடன் அவர் குறிப்பிடுகிறார். 1,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவருக்கே இது தொன்மையான விழாவாகத் தோன்றியிருக்கிறது. சீவக சிந்தாமணியில் திருத்தக்க தேவர் குன்றின் மேல் இட்ட கார்த்திகை விளக்கை உவமையாகக் கூறுகிறார். மலைமேல் தீபம் ஏற்றும் வழக்கம் அவர் காலத்திலேயே நன்கு அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

இந்தக் குறிப்புகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சங்கப் பாடல்கள் விளக்கீட்டை எந்தக் கடவுளோடும் தொடர்புபடுத்தவில்லை. ஊரும் தெருவும் வீடும் சேர்ந்து எடுக்கும் விழாவாகவே அவை காட்டுகின்றன. சமயத் தொடர்பு பக்தி இயக்கக் காலம் முதல் வலுப்பெற்றது.

புராணக் கதைகள்

சைவ மரபில் இவ்விழா சிவபெருமான் சோதி வடிவாக நின்ற நிகழ்ச்சியின் நினைவாகக் கூறப்படுகிறது. யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் போட்டியிட்டபோது, சிவன் அடியும் முடியும் காணமுடியாத தீப்பிழம்பாக நின்றார். திருமால் பன்றி வடிவில் அடியைத் தேடியும், பிரமன் அன்ன வடிவில் முடியைத் தேடியும் காண இயலாமல் தோற்றனர். அந்தத் தீப்பிழம்பே அண்ணாமலையாகக் குளிர்ந்தது என்பது தலபுராணம். உமையம்மை தவமிருந்து சிவனின் இடப்பாகத்தைப் பெற்றதும் இத்தலத்தில் கார்த்திகை நாளில்தான் என்பர்.

முருக வழிபாட்டில், சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து தோன்றிய ஆறு பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாயின. அவர்களைக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தனர். வானத்து அறுமீனே இந்த அறுவர். அதனால் மாதந்தோறும் வரும் கார்த்திகை நாள் முருகனுக்கு உரியதாயிற்று.

வைணவ மரபில், பிரமன் காஞ்சிபுரத்தில் செய்த வேள்வியைத் தடுக்க உலகம் இருளில் மூழ்கடிக்கப்பட்டபோது, திருமால் விளக்கொளியாய்த் தோன்றி இருளை நீக்கினார் என்ற கதை வழங்குகிறது. காஞ்சிபுரம் தூப்புல் விளக்கொளிப் பெருமாள் கோயில் இக்கதையோடு தொடர்புடையது. திருமங்கையாழ்வார் பிறந்த நாள் கார்த்திகை மாதக் கார்த்திகை என்பதும் வைணவர்க்கு இந்நாளைச் சிறப்புடையதாக்குகிறது.

அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவரான கணம்புல்லரின் குருபூசையும் இந்நாளில் வருகிறது. விளக்கெரிக்கப் பொருளில்லாமல் கணம்புல் என்னும் புல்லை அறுத்து விற்று நெய் வாங்கியவர் இவர். புல்லும் விற்காத நாளில் அதையே திரித்து எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமுடியையே விளக்காக எரிக்க முற்பட்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

திருவண்ணாமலை மகாதீபம்

இவ்விழாவின் மிகப் பெரிய நிகழ்ச்சி திருவண்ணாமலையில் நடைபெறுகிறது. 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபம் மகாதீபம் எனப்படும்.

அருணாசலேசுவரர் கோயிலில் கொடியேற்றத்துடன் பத்து நாள் விழா தொடங்குகிறது. அதற்கு முன்னர் ஊர்க்காவல் தெய்வங்களுக்கான விழா நடைபெறும். பத்து நாட்களும் காலையிலும் இரவிலும் வெவ்வேறு வாகனங்களில் பஞ்சமூர்த்திகள் வீதியுலா வருவர். ஐந்தாம் நாள் வெள்ளி இடப வாகனம், ஆறாம் நாள் வெள்ளித் தேர், ஏழாம் நாள் பெரிய தேரோட்டம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஏழாம் நாளில் விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் ஆகியோரின் தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட வீதிகளில் இழுக்கப்படும். அம்மன் தேரைப் பெண்களே இழுப்பர்.

பத்தாம் நாள் விடியற்காலை 4 மணியளவில் கருவறையில் பரணி தீபம் ஏற்றப்படுகிறது. ஒரு விளக்கிலிருந்து ஐந்து விளக்குகள் ஏற்றப்படும். ஒன்றாய் இருந்த பரம்பொருள் பலவாய் விரிந்ததை இது குறிக்கும் என்பர். மாலை 6 மணிக்கு முன்பாகப் பஞ்சமூர்த்திகள் கொடிமரத்திற்கு அருகே மண்டபத்தில் எழுந்தருள்வர். பின்னர் அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளிவந்து, சில நிமிடங்கள் மட்டும் காட்சி தந்து உள்ளே செல்வார். ஆண்டில் ஒருமுறை மட்டுமே கிடைக்கும் காட்சி இது. அதே வேளையில் கோயிலினுள் தீபம் காட்டப்பட, மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படும். கீழே நிற்கும் பல இலட்சம் மக்கள் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என முழங்குவர். நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ளவர்கள் மலைத்தீபத்தைக் கண்ட பிறகே தம் வீட்டு விளக்குகளை ஏற்றுவர். அன்று நோன்பிருப்பவர்களும் தீபத்தைக் கண்டபின் உண்பர்.

மகாதீபம் ஆளுயரச் செப்புக் கொப்பரையில் ஏற்றப்படுகிறது. இதற்கு 3,500 கிலோ அளவிலும், ஆண்டைப் பொறுத்து அதற்கு மேலும் நெய் பயன்படுகிறது. ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி திரியாகிறது. கொப்பரை, நெய், திரி ஆகிய அனைத்தும் செங்குத்தான பாதையில் மனிதத் தோள்களிலேயே மேலே கொண்டு செல்லப்படுகின்றன. தீபம் ஏற்றும் உரிமை மீனவ மரபினரான பர்வதராஜ குலத்தாருக்கு வழிவழியாக உரியது. மலையில் தொடர்ந்து 11 நாட்கள் தீபம் எரியும். நாள்தோறும் மாலையில் புதிய நெய்யும் திரியும் இட்டு ஏற்றுவர். பின்னர் கொப்பரை கீழே இறக்கப்பட்டு, அதில் படிந்த மை மார்கழித் திருவாதிரையன்று நடராசருக்குச் சாத்தப்பட்ட பின் பக்தர்களுக்கு வழங்கப்படும்.

தீபத்தன்று மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் மக்கள் கிரிவலம் வருவர். தீபத்தைத் தொடர்ந்து ஐயங்குளத்தில் தெப்ப விழா நடைபெறும்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, பழனி முதலிய பிற மலைத் தலங்களிலும் இந்நாளில் தீபம் ஏற்றப்படுகிறது.

சொக்கப்பனை

சமவெளிக் கோயில்களில் மலைத்தீபத்தின் இடத்தைச் சொக்கப்பனை பெறுகிறது. சொக்கப்பானை என்றும் சொல்வர். சுவர்க்கப்பனை என்பதன் திரிபு என்று சிலரும், சொக்கனாகிய சிவனுக்குரிய பனை என்று சிலரும் இதற்குப் பொருள் கூறுவர்.

கோயிலின் முன் உள்ள வெட்டவெளியில் பனைமரத் துண்டு ஒன்றை நட்டு, அதனைச் சுற்றிக் காய்ந்த பனையோலைகளைக் கூம்பாகக் கட்டுவர். மாலையில் சுவாமி புறப்பாடு அந்த இடத்திற்கு வந்ததும், கோயில் தீபத்திலிருந்து எடுத்த நெருப்பால் அதனைக் கொளுத்துவர். ஓலைகள் படபடவென வெடித்து எரிய, தீ பல அடி உயரம் எழும். சிவன் கோயில்களில் இது சோதி வடிவின் அடையாளமாகவோ முப்புரம் எரித்ததன் அடையாளமாகவோ கொள்ளப்படுகிறது. பெருமாள் கோயில்களிலும் சொக்கப்பனை கொளுத்துவது உண்டு. திருவரங்கத்தில் இது விமரிசையாக நடைபெறும்.

எரிந்து முடிந்தபின் அதன் கரியையும் சாம்பலையும் மக்கள் எடுத்துச் செல்வர். சிலர் அதனை நெற்றியில் இடுவர். உழவர்கள் வயலில் தூவுவர். எரியும் மரம் எந்தத் திசையில் சாய்கிறது என்பதைக் கொண்டு வரும் விளைச்சலைக் கணிக்கும் நம்பிக்கையும் சில ஊர்களில் உண்டு.

மாவலி சுற்றுதல்

மாவலி அல்லது மாவளி என்பது சிறுவர்கள் தாங்களே செய்து சுற்றும் பொறிவாணம். கடையில் வாங்கும் வெடிகள் பரவுவதற்கு முன் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கார்த்திகை என்றால் மாவலிதான்.

இதற்கு ஆண் பனையின் பூம்பாளை வேண்டும். ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் சொல்வர். உலர்ந்த பாளைகளைக் குழியில் இட்டுக் கொளுத்தி, முழுதும் சாம்பலாவதற்கு முன் மண்ணிட்டு மூடிவிடுவர். காற்றுப் புகாததால் அவை கரியாக நின்றுவிடும். ஆறியபின் அந்தக் கரியை இடித்துத் தூளாக்கி, பழந்துணியை நீண்ட பையாகத் தைத்து, அதில் இறுகத் திணித்துக் கட்டுவர். பின்னர் பனைமட்டையைக் கீறி, அக்கீற்றுகளுக்கு நடுவே துணிப்பையை வைத்துக் கட்டி, நீண்ட கயிற்றில் பிணைப்பர்.

பையின் ஒரு முனையில் தணலை வைத்து ஊதிவிட்டுக் கயிற்றைத் தலைக்கு மேலே சுழற்றினால், காற்றுப் பட்டுக் கரி கனன்று, பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். கரித்துகள்கள் மிகச் சிறியவை, விழும்போதே அணைந்துவிடும். வெடிச்சத்தமும் இராது, கந்தகப் புகையும் இராது. 'மாவலியோ மாவலி' என்று கூவிக்கொண்டே சுற்றுவர். உடல் வெப்பத்தால் துன்புற்ற மாவலி மன்னன் கார்த்திகை விளக்கேற்றி நலம்பெற்றான் என்ற கதையோடு இப்பெயரை இணைத்துச் சொல்வர்.

வீட்டு வழக்கங்கள்

விழாவிற்கு முன் வீட்டைக் கழுவி மெழுகிக் கோலமிடுவர். மாலையில் அகல்களில் நல்லெண்ணெய், இலுப்பை எண்ணெய் அல்லது நெய்யை ஊற்றிப் பஞ்சுத்திரி இட்டு ஏற்றுவர். பூசையறையில் குத்துவிளக்கை ஏற்றிய பின், வாசற்படி, திண்ணை, மாடம், முற்றம், துளசிமாடம், கிணற்றடி, மாட்டுத் தொழுவம், மதில் என ஒவ்வோர் இடத்திலும் விளக்கு வைப்பர். மழைக்காலமாதலால் காற்றிலும் தூறலிலும் விளக்கு அணையாமல் காப்பதற்காகவே பழைய வீடுகளின் சுவர்களில் விளக்கு மாடங்கள் அமைக்கப்பட்டன.

பல ஊர்களில் விழா மூன்று நாள் நீளும். பின்னாட்களுள் ஒன்று குப்பைக் கார்த்திகை எனப்படும். அன்று எருக்குழியிலும் குப்பைமேட்டிலும் விளக்கு வைப்பர். வயலுக்கு உரமாவது குப்பையே என்பதால், அதனையும் வணங்கும் வேளாண் மரபு இது.

பொரி உருண்டை இவ்விழாவுக்கே உரிய தின்பண்டம். நெற்பொரியையோ அவற்பொரியையோ வெல்லப்பாகில் கலந்து, தேங்காய்ப் பல்லும் ஏலக்காயும் சேர்த்து உருட்டுவர். அப்பம், அடை ஆகியனவும் செய்வர். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளில் ஓலைக் கொழுக்கட்டை முதன்மையானது. அரிசி மாவுடன் கருப்பட்டி, தேங்காய், பாசிப்பயறு, சுக்கு சேர்த்துப் பிசைந்து, பனங்குருத்து ஓலையில் வைத்துக் கட்டி வேகவைப்பர். ஓலையின் மணம் மாவில் ஏறிவிடும்.

இது உடன்பிறந்தாருக்கான விழாவும் ஆகும். மணமாகிச் சென்ற அக்கா தங்கையருக்கு அண்ணன் தம்பியர் புடவை, பணம், பொரி, வெல்லம் முதலியவற்றைக் கார்த்திகைச் சீராகக் கொடுப்பர். பெண்கள் உடன்பிறந்தவர் நலனுக்காக விளக்கேற்றி நோன்பிருப்பதும் உண்டு.

விளக்கேற்றுவதால் பயிரைத் தாக்கும் பூச்சிகள் அழியும் என்று இவ்விழாவுக்குக் காரணம் கூறுவோர் உள்ளனர். ஒளி பூச்சிகளை ஈர்க்கும் என்பது உண்மையே. எனினும் பழைய நூல்கள் எதுவும் இக்காரணத்தைக் கூறவில்லை. வீட்டு வாசலில் ஓரிரு இரவு எரியும் விளக்குகள் வயற்பூச்சிகளைக் குறைத்துவிடும் என்று கொள்வதும் கடினம். விழாவின் பெருமைக்கு இத்தகைய விளக்கங்கள் தேவையில்லை.

ஈழத்திலும் கேரளத்திலும்

இலங்கைத் தமிழர் இவ்விழாவை விளக்கீடு என்றே அழைக்கின்றனர். தேவாரத்தில் வரும் அதே சொல் அங்கு இன்றும் பேச்சு வழக்கில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் வீட்டு வாயிலில் வாழைக்குற்றி ஒன்றை நட்டு, அதன் தலையில் தேங்காய்ப் பாதியிலோ சிட்டியிலோ எண்ணெய் ஊற்றி விளக்கேற்றுவர். தடிகளின் நுனியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களை வளவைச் சுற்றியும் கிணற்றடியிலும் தோட்டத்திலும் நட்டு எரிப்பர். கோயில்களில் சொக்கப்பானை கொளுத்தப்படும்.

கேரளத்தில் இது திருக்கார்த்திகை எனப்படுகிறது. அங்கு பகவதி கோயில்களில் சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. கோட்டயம் அருகிலுள்ள குமாரநல்லூர் இதற்குப் பெயர்பெற்றது. தமிழ்ச் சமூகங்கள் வாழும் மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலும் கோயில்களிலும் வீடுகளிலும் விளக்கேற்றப்படுகிறது.

தீபாவளியும் கார்த்திகையும்

இரண்டுமே விளக்குத் திருநாட்கள் ஆதலால் மாணவர்கள் பலர் இவற்றைக் குழப்பிக் கொள்வதுண்டு. தீபாவளி ஐப்பசி மாதத்து அமாவாசையை ஒட்டிய தேய்பிறைச் சதுர்த்தசியில் தமிழகத்தில் கொண்டாடப்படுகிறது. கார்த்திகை முழுநிலவில் வருகிறது. வட இந்தியாவில் தீபாவளியன்று விளக்கு வரிசை வைப்பதே முதன்மை வழக்கம். தமிழ் வீடுகளிலோ தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல், புத்தாடை, இனிப்பு, வெடி. விளக்கு வரிசை கார்த்திகைக்கே உரியது. சங்க இலக்கியத்தில் கார்த்திகை விளக்கு பலமுறை பேசப்பட, தீபாவளி பற்றிய குறிப்பு அதில் இல்லை.

இன்றைய நிலை

கார்த்திகை விளக்கீட்டுக்கு வேண்டிய பொருள்கள் மண், பனை, மலை, நெய், எண்ணெய் என்பன. இவற்றுள் முதல் மூன்றும் இன்று நெருக்கடியில் உள்ளன.

அகல் செய்யும் குயவர்களுக்கு இவ்விழா ஆண்டின் முக்கிய விற்பனைக் காலம். ஆனால் விழா மழைக்காலத்தில் வருவதால், அகலைக் காயவைப்பதும் சூளையில் சுடுவதும் அப்போது கடினம். மழை தொடங்கும் முன்பே செய்து அடுக்கி வைக்க வேண்டியுள்ளது. அதற்கு ஏரி, குளங்களிலிருந்து தகுந்த களிமண்ணும் விறகும் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். அச்சில் வார்த்த விளக்குகளும் மெழுகு விளக்குகளும் மின்விளக்குச் சரங்களும் சந்தையில் நிறைந்துவிட்ட நிலையில், சக்கரத்தில் கையால் அகல் வனைவோர் குறைந்து வருகின்றனர்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். சொக்கப்பனைக்கு மரமும் ஓலையும், மாவலிக்குப் பாளையும் மட்டையும், கொழுக்கட்டைக்குக் குருத்தும் கருப்பட்டியும் பனையிலிருந்தே வருகின்றன. செங்கல் சூளைகளுக்காகவும் வீட்டுமனைகளுக்காகவும் பனைகள் பெருமளவில் வெட்டப்பட்டன. 2021 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பனை பாளை விடுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பூக்கும் வரை அது ஆணா பெண்ணா என்றும் தெரியாது. இன்று வெட்டப்படும் மரத்தின் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். பட்டுப்போன மரத்தையும் உதிர்ந்த ஓலையையும் கொண்டு சொக்கப்பனை அமைப்பதும், விழாவையொட்டிப் பனங்கொட்டைகளை ஊன்றுவதும் ஊர்தோறும் செய்யக்கூடியவை.

மலையின் நிலையும் கவலை தருவதாக உள்ளது. 2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் பெருமழையால், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு, அடிவாரத்தில் வீட்டுக்குள் சிக்கிய ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் அடங்குவர். அடுத்த இரு வாரத்திற்குள், டிசம்பர் 13 அன்று, மகாதீபம் வந்தது. வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்ததன் அடிப்படையில், அவ்வாண்டு பொதுமக்கள் மலையேறுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. தீபம் ஏற்றுவதற்குத் தேவையானவர்கள் மட்டுமே மேலே சென்றனர். வழக்கம்போல் மாலை 6 மணிக்குத் தீபம் ஏற்றப்பட்டது. மக்கள் கீழிருந்தே வழிபட்டனர். மலையே இறைவனாகக் கருதப்படும் ஊரில், அதன் சரிவுகளில் வீடு கட்டுவதும், பாறையும் மண்ணும் மரமும் அகற்றப்படுவதும் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியை அந்நிகழ்ச்சி எழுப்பியது.

நக்கீரர் பாடிய விழாவில் கோயிலோ தேரோ கொப்பரையோ இல்லை. மழை ஓய்ந்த இரவும், தெருவில் விளக்கும், கூடி நிற்கும் ஊராரும் இருந்தனர். மற்றவை காலப்போக்கில் சேர்ந்தன. ஒரு மண் அகல், சிறிது எண்ணெய், ஒரு பஞ்சுத்திரி ஆகியவை இருந்தால் எந்த வீட்டிலும் இவ்விழாவைக் கொண்டாட முடியும் என்பதே இது இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருப்பதற்கு முதன்மையான காரணம்.